ஒரு சதவீதம் போதும்

2008 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஹோவர்ட் கவுண்டியில் ஒரு பள்ளி மைதானம். சிறுவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி நடக்கிறது. துணைப் பயிற்சியாளராகத் தன்னார்வத்தில் வந்திருந்த 20 வயது இளைஞர் பந்தை வலைக்குள் உதைத்தார். அதை எடுக்கப் போனவர் சும்மா இராமல் கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பியை எம்பிப் பிடித்தார். கம்பம் தரையோடு பிணைக்கப்படவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. கம்பி முகத்தின் மேல் விழுந்தது. முக எலும்புகள் பல இடங்களில் நொறுங்கின. கண்களுக்குக் கீழே மூன்று டைட்டானியத் தகடுகள் வைக்க வேண்டியிருந்தது.

பயிற்சியை நடத்திய கால்பந்துச் சங்கத்தின் மேல் அவர் வழக்குப் போட்டார். விசாரணை முடிந்ததும் ஜூரியிடம் கேள்விகள் வைக்கப்பட்டன. சங்கம் கவனக்குறைவாக இருந்ததா? ஆம். அதனால் வாதிக்குக் காயம் ஏற்பட்டதா? ஆம். வாதியும் கவனக்குறைவாக இருந்தாரா? ஆம். அதுவும் அவருடைய காயத்துக்கு ஒரு காரணமா? ஆம். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' வாங்கிய அந்த இளைஞருக்கு இழப்பீடாக ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. மேல்முறையீடு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013இல் ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் தீர்ப்பை உறுதிசெய்தார்கள்.

சட்டத்தைத் தவறாகப் படித்து வந்த தீர்ப்பில்லை இது. அங்கே சட்டமே அப்படித்தான். காயம்பட்டவர் பக்கம் ஒரு சதவீதக் கவனக்குறைவு இருந்து, அதுவும் விபத்துக்கு ஒரு காரணம் என்று ஜூரி கண்டால், எதிராளியின் தவறு 99 சதவீதமாக இருந்தாலும் கோரிக்கை விழுந்துவிடும். பங்களிப்புக் கவனக்குறைவு என்னும் இந்த விதியை அலபாமா, வட கரோலினா, வர்ஜீனியா, மேரிலாந்து ஆகிய நான்கு மாநிலங்கள் முழுதாகவும், தலைநகர் வாஷிங்டன் ஓரளவும் இன்னும் வைத்திருக்கின்றன. மற்ற மாநிலங்களில் தவறைப் பங்கு பிரிப்பார்கள். பத்து சதவீதம் உங்கள் தவறென்றால் தொகையில் பத்து சதவீதம் குறையும். அவற்றில் பெரும்பாலானவற்றில் உங்கள் பங்கு பாதியைத் தொட்டால் அல்லது தாண்டினால் மட்டும் ஒன்றும் கிடைக்காது.

இது நமக்கு எட்டாத ஊரின் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. வட கரோலினாவின் கேரி, மோரிஸ்வில், வர்ஜீனியாவின் ஹெர்ன்டன், ஆஷ்பர்ன் என்று தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழும் ஊர்கள் பலவும் இந்த விதியின் கீழேதான் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் போகும் அப்பா அம்மாக்கள் காலையும் மாலையும் நடைப்பயிற்சி போவது இந்த ஊர்களின் சாலைகளில்தான். நம் ஊர் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்களில் அடிபட்டவர் மேல் 20 சதவீதமோ 30 சதவீதமோ தவறு சுமத்தி, மீதித் தொகையை வழங்கச் சொல்வது வாடிக்கை. ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே பலியானவர் மேல் பங்குத் தவறு சுமத்த முடியாது. அப்படிப் போனதற்கும் விபத்துக்கும் தொடர்பு காட்ட வேண்டும் என்று 2020இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படிப் பங்கு பிரிக்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு 'ஒன்றுமே கிடையாது' என்ற பதில் காதில் ஏறுவதற்கே நேரமாகும். நியூஜெர்சியில் குடியிருப்பவர் 95ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது வட கரோலினாவில் அடிபட்டாலும் கதை இதுதான். விபத்து எங்கே நடந்ததோ அந்த இடத்தின் சட்டமே பொருந்தும் என்ற பழைய நெறியை இந்த நான்கு மாநிலங்களும் விடாமல் பிடித்திருக்கின்றன.

விதி பிறந்தது இங்கிலாந்தில். டெர்பி நகரில் ஃபாரஸ்டர் என்பவர் தன் வீட்டைப் பழுதுபார்க்கும்போது சாலையின் ஒரு பகுதியில் குறுக்கே ஒரு கழியைப் போட்டு வைத்தார். ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் இரவு எட்டு மணி சுமாருக்கு, வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றத் தொடங்கிய நேரம், பட்டர்ஃபீல்டு என்பவர் அருகிலிருந்த மதுக்கடையிலிருந்து கிளம்பிக் குதிரையை விரட்டிக்கொண்டு வந்தார். நூறு கஜத் தூரத்திலேயே கழி தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது என்று சாட்சி சொன்னார்கள். அவர் குடித்திருந்ததற்கு ஆதாரமில்லை. கழியில் மோதிக் குதிரையோடு விழுந்தார். 1809இல் எல்லன்பரோ பிரபுவின் நீதிமன்றம் அவருக்கு ஒன்றும் கிடையாது என்றது. அடுத்தவன் தப்பு செய்தான் என்பதற்காக நீ உன்னைப் பார்த்துக்கொள்ளும் கடமை போய்விடாது என்பதே அதன் சாரம். தீர்ப்பு மிகச் சிறியது. தவறைப் பிரித்துக் கணக்கிடலாம் என்ற எண்ணமே அதில் தலைகாட்டவில்லை.

அந்தச் சிறிய தீர்ப்பு அமெரிக்காவில் ரயிலோடு சேர்ந்து வளர்ந்தது. மேரிலாந்து 1847இல் இதை ஏற்றுக்கொண்டது. கம்பெனி என்றால் தாராளமாகத் தண்டிக்கும் ஜூரிகளைக் கட்டிவைக்க நீதிபதிகளுக்கு இது வசதியான கயிறாக இருந்தது என்று வெக்ஸ் மலோன் என்ற சட்ட அறிஞர் 1946இல் எழுதினார். எல்லா மாநில வரலாற்றுக்கும் அது பொருந்துமா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். அந்தச் சர்ச்சை எப்படியிருந்தாலும், விதியைப் பெற்றெடுத்த இங்கிலாந்து 1945இல் ஒரு சட்டத்தால் அதைக் கைகழுவியது. மிசிசிப்பி 1910இலும் விஸ்கான்சின் 1931இலும் வெளியேறின. ஃபுளோரிடா 1973இலும் கலிஃபோர்னியா 1975இலும் நீதிமன்றத் தீர்ப்புகள் மூலமே மாறின. டென்னசி 1992 வரை இழுத்தது. எஞ்சிய மாநிலங்களின் நீதிமன்றங்கள், மாற்றுவதானால் சட்டமன்றம் மாற்றட்டும் என்கின்றன. சட்டமன்றங்களில் மசோதாக்கள் வருகின்றன, போகின்றன.

இனி, காயம்பட்டு வீட்டில் கிடக்கும் ஒருவர் பக்கமிருந்து பார்க்கலாம். ஏட்டுச் சட்டத்தின்படி அவருக்கு ஒரு சாதகம் உண்டு. அவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிராளிக்கே. வட கரோலினாவில் இது சட்டப் பிரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நடைமுறையில் கோரிக்கை தொடங்கிய முதல் நாளிலிருந்தே வெளிச்சம் அவர் மேல்தான் விழுகிறது. எதிராளி சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தார் என்பதைக் காட்டிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மோதலுக்கு முந்தைய சில விநாடிகளில் தான் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் மீதிப் பாதி. பல வழக்குகளில் அதுவே முழு வழக்கு.

முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் எதிராளியின் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கோரிக்கைகளைக் கையாளும் அட்ஜஸ்டரிடமிருந்து வரும். குரல் கனிவாக இருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்பார்.

"அந்த வண்டியை முதல்ல எப்போ பார்த்தீங்க?"

"பார்க்கவே இல்லைங்க. எங்கிருந்து வந்தான்னே தெரியலை."

அதிர்ச்சியிலிருக்கும் யாரும் சொல்லக்கூடிய வாக்கியம் இது. எதிராளி எவ்வளவு வேகமாக வந்தான் என்பதைச் சொல்வதாகத்தான் அவர் நினைக்கிறார். கோப்பில் அது வேறு விதமாகப் பதிவாகிறது: வாதி சாலையைக் கவனிக்கவில்லை என்று தானே ஒப்புக்கொண்டார். தெளிவான பகல், நேரான சாலை, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை என்றால் கவனக்குறைவு. நூறு கஜத்தில் தெரிந்த அந்த டெர்பி கழியின் வாதமேதான். விபத்து நடந்த இடத்தில் மரியாதைக்குச் சொன்ன 'ஸாரி'யும், 'நானும் கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாம்' என்ற பெருந்தன்மையும் இதே கதியை அடையும். எதிராளியின் நிறுவனத்துக்குப் பதிவு வாக்குமூலம் கொடுக்கும் கடமை எதுவும் காயம்பட்டவருக்கு இல்லை. தன் சொந்த இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒத்துழைக்க வேண்டியது மட்டும் பாலிசியின் நிபந்தனை. இந்த மாநிலங்களில் வக்கீல்கள் முதலில் சொல்லும் அறிவுரை, பேசாமல் இருங்கள் என்பதுதான்.

அடுத்தது போக்குவரத்து அபராத டிக்கெட். சந்திப்பில் நடந்த மோதலில் போலீஸ்காரர் இருவருக்குமே சின்னச் சின்ன டிக்கெட் எழுதிவிட்டுப் போய்விடுவதுண்டு. கோர்ட்டுக்கு யார் அலைவது என்று இணையத்தில் பணத்தைக் கட்டித் தலைமுழுகுவது மனித சுபாவம். வர்ஜீனியாவில் போக்குவரத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கான நீதிமன்றப் பதிவு, அதே விபத்திலிருந்து எழும் சிவில் வழக்கில் சாட்சியமாக ஏற்கப்படும். கொஞ்சம் நேரம் மிச்சமாகும் என்று ஆசைப்பட்டு, பல லட்சம் டாலர் கோரிக்கையில் ஓட்டை போட்டுக்கொள்ளும் வேலை அது.

சான்று திரட்டுவதும் இங்கே கொஞ்சம் வேறு மாதிரி. இக்காலக் கார்களில் மோதலுக்கு முந்தைய சுமார் ஐந்து விநாடிகளின் வேகம், பிரேக், ஆக்ஸிலேட்டர் விவரங்களைப் பதியும் கருவி இருக்கிறது. அதை எதிராளியின் காரிலிருந்து எடுக்க எல்லாரும் துடிப்பார்கள். இந்த மாநிலங்களில் தன் காரிலிருக்கும் பதிவுக்கும் அதே மதிப்பு: 'நான் பிரேக் போட்டேன்' என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பழுதடைந்த காரைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடும் முன் அதை எடுத்துவைக்க வேண்டும். கடைகளின் கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்து மேலெழுதப்படும். அழிக்காதீர்கள் என்று எழுத்தில் கேட்டு வைக்காவிட்டால் கிடைக்காது. கைபேசிக் கணக்கை எதிர்த்தரப்பு எப்படியும் கேட்கும். கடையில் வழுக்கி விழுந்த வழக்கென்றால், தரையில் கிடந்த தண்ணீரைவிடக் காலில் இருந்த செருப்பின் அடிப்பாகம் அதிக நேரம் விவாதிக்கப்படும். சாலையைக் கடக்கும்போது அடிபட்டவர் என்றால், குறுக்குக் கோடுகளுக்கு உள்ளே நின்றாரா, ஓரடி வெளியே நின்றாரா என்பது வரை அளப்பார்கள்.

ஆனால் இந்த விதியின் முழு பலமும் தெரிவது நீதிமன்றத்தில் அல்ல, பேரத்தில்தான். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மருத்துவச் செலவு, சம்பள இழப்பு, வலி எல்லாம் சேர்த்து இழப்பு 3,00,000 டாலர். வாதியின் தவறு பத்து சதவீதம் என்று சொல்ல இடமிருக்கிறது. பங்கு பிரிக்கும் மாநிலத்தில் பேரம் 2,70,000ஐச் சுற்றி நடக்கும். இங்கேயோ அந்தப் பத்து சதவீதம் பெரிதா சிறிதா என்ற கேள்வியே இல்லை; ஜூரி அதைக் கண்டுவிடுமா என்ற ஒரே கேள்விதான். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டென்று இன்சூரன்ஸ் நிறுவனம் கணித்தால், கோரிக்கையின் மதிப்பு அப்போதே 2,00,000க்கு இறங்கிவிடுகிறது. வழக்கு முடிய ஆகும் ஆண்டுகளும் நிபுணர் சாட்சிகளின் கட்டணமும் வாதியைத்தான் அதிகம் நெருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் கையில் வைக்கும் தொகை அதற்கும் கீழே. வீடு, மக்கள், மருத்துவ பில் என்று இருப்பவர் பூஜ்யத்தின் பயத்தில் கையெழுத்துப் போடுகிறார். இந்த ஒப்பந்தங்கள் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் வருவதில்லை.

வக்கீலின் கணக்கும் இதையொட்டியே. ஜெயித்தால் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் கட்டணம் இல்லை என்ற முறையில்தான் அங்கே காய வழக்குகள் நடக்கின்றன. வாதி மேல் சிறு கறை தெரிந்தாலும் பல வக்கீல்கள் வழக்கைத் தொடவே மாட்டார்கள். ஆக முதல் ஜூரி வக்கீலின் வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. காயம் சிறிதாகவும் கறை சந்தேகமாகவும் இருக்கிற வழக்குகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. என் பார்வையில் இந்த விதியின் மிகப் பெரிய அநியாயம் இதுதான்: மைதானத்து இளைஞரின் வழக்குபோல் உச்ச நீதிமன்றம் வரை போனவை நமக்குத் தெரிகின்றன, வரவேற்பறையில் முடிந்தவை தெரிவதில்லை.

நீதிமன்றம் வரை போகிறவர்களுக்கு எழுதப்படாத ஓர் ஆறுதல் உண்டு. ஜூரிகள் எப்போதும் சொன்னபடி நடப்பதில்லை. வாதியின் தவறு அற்பம் என்று பட்டால் அதைக் காணாததுபோல் விட்டுவிட்டு, தொகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தாங்களாகவே பங்கு பிரித்துவிடுவதுண்டு என்பது வக்கீல்களின் நெடுநாள் நம்பிக்கை. மூடிய அறையில் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. அதை நம்பி வழக்கு நடத்துவதும் அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை.

விதி கடுமையாக இருந்ததால்தான் அதைச் சுற்றி விலக்குகள் முளைத்தன. முதல் விலக்கைக் கொண்டுவந்தது ஒரு கழுதை. முன்னங்கால்கள் கட்டப்பட்டுச் சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த கழுதையின் மேல், சரிவில் விரைந்து வந்த மூன்று குதிரை பூட்டிய வண்டி ஏறியது. கழுதையை அப்படி விட்டது உரிமையாளரின் தப்பாகவே இருக்கட்டும், பார்த்துத் தவிர்த்திருக்க வேண்டிய கடைசி வாய்ப்பு வண்டிக்காரனிடம்தானே இருந்தது என்று 1842இல் இங்கிலாந்தில் தீர்ப்பாயிற்று. இந்தக் 'கடைசித் தெளிவான வாய்ப்பு' நெறி இன்றும் உயிரோடிருக்கிறது. இருட்டில் சாலையில் தடுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தவரை, போதிய தூரத்தில் பார்த்திருக்கக்கூடிய ஓட்டுநர் இடித்தால், கிடந்தவரின் முந்தைய தவறு அவருக்குக் கதவை அடைக்காது. ஆனால் தூரம், வேகம், நேரம் மூன்றையும் வைத்து வாய்ப்பு இருந்ததை வாதிதான் நிரூபிக்க வேண்டும்.

எதிராளியின் செயல் வெறும் கவனக்குறைவைத் தாண்டி, விளைவைப் பற்றிக் கவலையே இல்லாத அடாவடியாக இருந்தால் வாதியின் சிறு தவறு எடுபடாது. குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்கு எதிராக வக்கீல்கள் முதலில் எடுப்பது இதைத்தான். வட கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை மேல் கவனக்குறைவைச் சுமத்தவே முடியாது. ஏழு முதல் பதினான்கு வரை, அந்தக் குழந்தைக்கு விவரம் தெரியும் என்று எதிராளி காட்ட வேண்டும். காரில் பயணியாக இருந்தவருக்கு ஓட்டுநரின் தவறு ஒட்டாது. ஆனால் ஓட்டுகிறவர் போதையில் இருப்பது தெரிந்தே ஏறியிருந்தால் அது பயணியின் சொந்தத் தவறு. வேலையிடத்துக் காயங்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தனி. அங்கே யார் தவறு என்ற கேள்வியே பொதுவாக எழாது. ரயில்வே தொழிலாளர்களுக்கு 1908இலேயே கூட்டாட்சிச் சட்டம் பங்கு பிரிக்கும் முறையைக் கொடுத்துவிட்டது.

பொருளில் குறை இருந்தால் என்ன ஆகும் என்பதில் மாநிலங்கள் பிரிகின்றன. மேரிலாந்தில் ஒரு பெண் இரவு உடையை உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றி அணிந்திருந்தார். அடுப்பருகே போனபோது நீட்டிக்கொண்டிருந்த பை தீப்பற்றியது. உடையைத் திருப்பிப் போட்டது உன் தவறு என்ற வாதத்தை, குறைபாடுள்ள பொருளுக்கான கண்டிப்பான பொறுப்பில் அது எடுபடாது என்று 1985இல் நீதிமன்றம் தள்ளியது. வட கரோலினாவுக்குப் போனால், அந்தக் கண்டிப்பான பொறுப்பே அங்கே சட்டத்தில் இல்லை.

பலர் எதிர்பாராமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. இடித்தவரிடம் இன்சூரன்ஸ் இல்லை, அல்லது இடித்துவிட்டு ஓடிவிட்டார். பரவாயில்லை, இதற்காகத்தானே பிரீமியம் கட்டுகிறோம் என்று தன் நிறுவனத்திடம் போகிறார் காயம்பட்டவர். அந்தப் பாலிசி தருவதோ, இடித்தவரிடமிருந்து சட்டப்படி அவர் பெறக்கூடிய தொகையைத்தான். சட்டப்படி பெறக்கூடியது பூஜ்யம் என்றால் பாலிசியும் பூஜ்யம். அதுவரை தன் பக்கம் நின்ற நிறுவனம் அன்றிலிருந்து, உங்கள் மேலும் தப்பு இருக்கிறதே என்று பேசத் தொடங்கும். தவறு யாருடையது என்று பாராமல் மருத்துவச் செலவுக்குத் தரும் சிறு காப்பீடு தனி. மேரிலாந்தில் அதன் அடிப்படைத் தொகை 2,500 டாலர். அவசர சிகிச்சைப் பிரிவின் ஓர் இரவுக்கே காணாது.

காலக்கெடுவையும் சொல்லிவிட வேண்டும். வர்ஜீனியாவிலும் அலபாமாவிலும் வழக்குத் தொடர இரண்டு ஆண்டு, மேரிலாந்திலும் வட கரோலினாவிலும் மூன்று. நகராட்சி வண்டியோ உடைந்த நடைபாதையோ காரணம் என்றால் பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்; வாஷிங்டன் நகருக்கு எதிராக என்றால் ஆறு மாதத்துக்குள்.

விதியை ஆதரிப்பவர்கள் சொல்வதில் ஒரு வாதத்துக்குக் காது கொடுக்கத்தான் வேண்டும். இந்த மாநிலங்கள் சிலவற்றில், தவறு செய்த பலரில் யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் வாங்கலாம் என்ற கூட்டுப் பொறுப்பு நிலவுகிறது. பங்கு பிரிக்கும் முறைக்கு மாறிய பல மாநிலங்கள் அதைக் கைவிட்டன அல்லது குறைத்தன. ஒருவன் ஓட்டாண்டி என்றால் அவன் பங்கு காயம்பட்டவருக்கு நஷ்டம். ஒன்றை மாற்றினால் மற்றதையும் பேச வேண்டும், அது சட்டமன்றத்தின் வேலை என்று மேரிலாந்து நீதிமன்றப் பெரும்பான்மை ஒதுங்கியது. மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி ஹாரல், டைனோசர்களை அழித்த விண்கல்லில் தொடங்கி, மேரிலாந்தில் அதற்குத் தப்பிய டைனோசர் இந்த விதி என்றார். நீதிமன்றம் தானே உண்டாக்கியதை நீதிமன்றமே நீக்கலாம் என்பது அவர் கட்சி. எனக்கு அவர் சொல்வதே சரியாகப் படுகிறது. 1847இல் நீதிமன்றம் விதியை எடுத்துக்கொண்டபோது சட்டமன்றத்தைக் கேட்கவில்லையே.

பங்கு பிரிப்பு, கூட்டுப் பொறுப்பு இரண்டையும் சேர்த்துத் தீர்க்க முடியும் என்று காட்டியது வாஷிங்டன். சைக்கிள் ஓட்டுவோர் சங்கத்தின் நெடிய இயக்கத்துக்குப் பிறகு 2016இல் நகர மன்றம் சட்டம் கொண்டுவந்தது. நடந்து போகிறவரோ சைக்கிளில் போகிறவரோ மோட்டார் வாகனத்தால் அடிபட்டால், அவருடைய தவறு எதிராளிகளின் மொத்தத் தவறைவிடக் கூடினால் மட்டுமே கோரிக்கை விழும். கூட்டுப் பொறுப்பும் கடைசி வாய்ப்பு நெறியும் அப்படியே இருக்கும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் இரண்டு கார்கள் மோதிக்கொண்டால் அங்கும் பழைய விதிதான். நகரின் வடமேற்கில் வெஸ்டர்ன் அவென்யூ வாஷிங்டனுக்கும் மேரிலாந்துக்கும் எல்லையாக ஓடுகிறது. விளக்கில்லாத சைக்கிளில் போன ஒருவரைக் கார் இடித்தால், அவருடைய வழக்கில் முதலில் கேட்கப்படும் கேள்வி, எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் விழுந்தார் என்பதே.